யார் மாற்றியது? – புரோகிராம் எழுதுவோரின் கருவிகள் வந்த வரலாறு

சந்திப்பு விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவிலிருந்து தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணே, முப்பது வருஷத்துக்கு மேல சாஃப்ட்வேர்ல குப்பை கொட்டியிருக்கீங்க. இப்ப படிக்கிற பசங்களுக்குப் பிரயோஜனமா ஏதாவது எழுதிக் கொடுங்க. ஹாஸ்டல் கதை மட்டும் வேண்டாம், அது ஏற்கெனவே பதினாறு வந்திருக்கு" என்றார். பிரயோஜனமான விஷயத்தைத்தான் எழுதப்போகிறேன். ஆனால் அது ஒரு ஹாஸ்டல் கதையில்தான் ஆரம்பிக்கிறது. தம்பி மன்னிக்க வேண்டும்.

1991-ஆம் ஆண்டு. எம்.சி.ஏ. கடைசி வருஷம். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து எடுத்துக்கொண்ட புராஜெக்ட், விடுதி மெஸ் பில் போடும் புரோகிராம். டிவைடிங் சிஸ்டம் என்பது பழைய விடுதி மாணவர்களுக்கு மறந்திருக்காது. மாதச் செலவு மொத்தத்தையும் எல்லோரும் சாப்பிட்ட நாட்களால் வகுத்து, ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று போடுவார்கள். ஊருக்குப் போன நாட்களைக் கழிக்க வேண்டும். விருந்தாளிச் சாப்பாட்டைக் கூட்ட வேண்டும். இதை டர்போ சி-யில் எழுதினோம். லேபில் எங்களுக்கு என்று ஒதுக்கியது ஒரே மெஷின். ஆளுக்கொரு பிளாப்பி. மெஷினில் இருப்பதைப் பிளாப்பியில் எடுத்துக்கொள்வது, பிளாப்பியில் இருப்பதை மெஷினில் போடுவது, இவ்வளவுதான் எங்கள் வேலைமுறை.

வைவாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை காலை போய்ப் பார்த்தால், கழிவுக் கணக்கையும் விருந்தாளிக் கணக்கையும் காணோம். மெஷினில் பழைய புரோகிராம்தான் உட்கார்ந்திருந்தது. எட்டு நாள் உழைப்பு. அந்த எட்டு நாளில் ஒருவர்கூடப் பிளாப்பியில் எடுத்து வைத்திருக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் ரிப்போர்ட் டைப் செய்துவிட்டு லேபிலிருந்து கடைசியாகக் கிளம்பியவன் எங்கள் மூவரில் ஒருவன். "உன் பழைய பிளாப்பியை மேல போட்டுட்டடா" என்று நானும் இன்னொருவனும் பிடித்துக்கொண்டோம். "நான் அதைத் தொடவே இல்லைடா" என்றான். நாங்கள் நம்பவில்லை. ராப்பகலாக உட்கார்ந்து மறுபடி எழுதினோம். வைவா முடிந்தது, மார்க்கும் வந்தது. அவனோடு பேச்சு மட்டும் நின்றுபோயிற்று. வகுப்பு குரூப் போட்டோவில் நாங்கள் மூவரும் மூன்று மூலையில் நிற்பதை இன்றைக்கும் பார்க்கலாம்.

யார் மாற்றியது, எப்போது மாற்றியது, எதற்காக மாற்றியது? அன்று இந்த மூன்று கேள்விக்கும் பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. எங்களைப் போலத் தவித்தவர்கள் உலகம் பூராவும் இருந்திருக்கிறார்கள். அவர்களில் சிலர் சண்டை போடுவதோடு நிற்காமல் கருவி செய்தார்கள். அந்தக் கருவிகளின் கதை இது.

துளை அட்டையும் ஒரு கோடும்

எங்களுக்கு முந்தைய தலைமுறைக்குப் பிளாப்பியும் கிடையாது. புரோகிராமின் ஒவ்வொரு வரியும் ஒரு துளை அட்டை. ஓர் அட்டையில் 80 கட்டம். ஒரு பெட்டியில் 2000 அட்டை. கட்டு கை தவறி விழுந்தால் வரிசை போச்சு. ஃபோர்ட்ரான் மொழியில் 73 முதல் 80 வரையிலான கட்டங்களைக் கம்பைலர் கண்டுகொள்ளாது. அங்கே வரிசை எண்ணைத் துளையிட்டு வைத்தால், அட்டை பிரிக்கும் இயந்திரத்தில் போட்டு மறுபடி அடுக்கிவிடலாம். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள், கட்டின் மேல்விளிம்பில் பேனாவால் மூலைக்கு மூலை சாய்வாக ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். அட்டை கலைந்தால் கோடும் கலையும். கோட்டைச் சேர்த்தால் வரிசை சேரும். புதிதாக ஓர் அட்டையைச் செருகினால் அதன் தலையில் மட்டும் கோடு இருக்காது. ஆக, எங்கே கை வைத்திருக்கிறார்கள் என்பதும் ஓரளவு தெரிந்துவிடும். ஆனால் யார் கை வைத்தது, ஏன் வைத்தது என்பதைக் கோடு சொல்லாது.

வில்லங்கச் சான்று மாதிரி

அதைச் சொல்லும் கருவி 1972-இல் வந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராச்கைண்ட் என்பவர் எஸ்.சி.சி.எஸ். என்ற புரோகிராமை எழுதினார். முதலில் ஐ.பி.எம். 370 கணிப்பொறிக்காக ஸ்னோபால் என்ற மொழியில் எழுதி, அடுத்த ஆண்டு யுனிக்ஸில் ஓடும்படி சி மொழியில் மாற்றினார். (அதே 370 வரிசையைச் சேர்ந்த கணிப்பொறி ஒன்று 1970-களில் நம் சென்னை ஐ.ஐ.டி.யிலும் ஓடிக்கொண்டிருந்தது.) இதைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை 1975 டிசம்பரில் வெளிவந்தது.

விஷயம் எளிது. புரோகிராமை ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் முழுப் பிரதியும் எடுத்து வைத்தால் டிஸ்க்கில் இடம் போதாது. அதனால் என்ன மாறியதோ அதை மட்டும் சேர்த்துக்கொண்டே போவது. அந்த மாற்றத்துக்கு டெல்டா என்று பெயர். எந்த நாளில் இருந்த புரோகிராம் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். கூடவே மாற்றியவர் பெயர், தேதி, மாற்றியதற்கான காரணம், மூன்றும் பதிவாகும்.

நிலம் வாங்கும்போது வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோமே, அதைப் போலத்தான். இந்தச் சொத்து யாரிடமிருந்து யாருக்கு, எந்தத் தேதியில், எந்தப் பத்திரத்தின்படி கைமாறியது என்று வரிசையாக வந்துவிடும். வாய்ப்பேச்சுக்கு அங்கே இடமில்லை.

வீணாய்ப் போன ஒரு காலைப்பொழுது

அதே பெல் ஆய்வுக்கூடத்தில் 1976-இல் நடந்தது இது. ஸ்டீவ் ஜான்சன் என்பவர் ஒரு காலைப்பொழுது முழுக்கத் தன் புரோகிராமில் பிழை தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் பார்த்தால் புரோகிராமில் பிழையே இல்லை. பிழையை அவர் முன்பே திருத்திவிட்டார். திருத்திய பாகத்தைக் கம்பைல் செய்ய மறந்திருந்தார். ஓடிக்கொண்டிருந்தது பழையது! கோபமாக ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் அறைக்குள் வந்து புலம்பினார். ஃபெல்ட்மேனும் முந்தின நாள் சாயங்காலம் இதே மாதிரிதான் அவதிப்பட்டிருந்தார். அந்த வார இறுதியில் உட்கார்ந்து 'மேக்' என்ற கருவியை எழுத ஆரம்பித்தார். எந்தக் கோப்பு எதை நம்பி இருக்கிறது என்று ஒரு பட்டியல் கொடுத்துவிட்டால் போதும். கோப்புகளின் நேரத்தைப் பார்த்து, மாறியதையும் அதைச் சார்ந்ததையும் மட்டும் மேக் மறுபடி கம்பைல் செய்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. மேக் கோப்பில் கட்டளை வரி டேப் எழுத்தில்தான் தொடங்க வேண்டும். இடைவெளி விட்டால் ஒத்துக்கொள்ளாது. இது சரியில்லை என்று ஃபெல்ட்மேனுக்குச் சில வாரத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் ஒரு டஜன் பேர் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள், அவர்களுக்கு ஏன் தொந்தரவு என்று விட்டுவிட்டார். அந்த ஒரு டஜன் பேருக்குப் பார்த்த தாட்சண்யத்தால் இன்றுவரை லட்சக்கணக்கான பேர் டேப் தட்டிக்கொண்டிருக்கிறோம். 2003-இல் மேக்குக்காக அவருக்கு ஏ.சி.எம். அமைப்பின் மென்பொருள் விருது கிடைத்தது.

பிழை திருத்தச் சீட்டு

பழைய புத்தகங்களின் கடைசியில் 'பிழை – திருத்தம்' என்று ஒரு சீட்டு ஒட்டியிருப்பார்கள். இத்தனையாவது பக்கம், இத்தனையாவது வரி, இது தவறு, இது சரி. புரோகிராமுக்கு அந்தச் சீட்டைத் தானாகவே தயாரித்துக் கொடுப்பதுதான் 'டிஃப்'. பெல் ஆய்வுக்கூடத்தின் டக்ளஸ் மெக்கில்ராய் எழுதிய இது 1974-இல் யுனிக்ஸோடு வெளிவந்தது. இரண்டு கோப்புகளைக் கொடுத்தால் எந்தெந்த வரி வேறுபடுகிறது என்று சொல்லிவிடும். 1985-இல் லாரி வால் 'பேட்ச்' என்ற கருவியை எழுதினார். இது எதிர்வேலை செய்யும். சீட்டைக் கொடுத்தால், புத்தகத்தைத் தானே திருத்திவிடும். முழுப் புரோகிராமையும் அனுப்பாமல் நாலு வரித் திருத்தத்தை மட்டும் அனுப்ப முடிந்ததால், ஒருவரையொருவர் பார்த்தே இராதவர்கள் கடல் கடந்து ஒரே புரோகிராமைத் திருத்த வழி பிறந்தது.

பூட்டும் அதன் தொல்லையும்

1982-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தின் வால்டர் டிச்சி ஆர்.சி.எஸ். என்ற அமைப்பைக் கொண்டுவந்தார். பெரும்பாலான நேரம் நமக்கு வேண்டியது கடைசியாக இருப்பதுதானே? அதனால் கடைசிப் பிரதியை முழுதாக வைத்துவிட்டு, பழையவற்றைப் பின்னோக்கிய வித்தியாசங்களாகச் சேர்த்து வைத்தார். வேண்டியது சட்டென்று வந்தது.

ஆனால் எஸ்.சி.சி.எஸ்., ஆர்.சி.எஸ். இரண்டிலும் முறை ஒன்றுதான். ஒருவர் கோப்பை எடுத்தால் பூட்டிக்கொள்வார். அவர் திருப்பி வைக்கும்வரை மற்றவர் திருத்த முடியாது. நூலகத்தில் ஒரே பிரதியுள்ள புத்தகத்தை ஒரு புண்ணியவான் எடுத்துக்கொண்டு தீபாவளிக்கு ஊருக்குப் போனால் மற்றவர் கதி என்ன? அதே கதிதான். ஆர்.சி.எஸ்.ஸில் பூட்டை உடைக்கலாம். ஆனால் உடைத்தவர் காரணம் எழுத வேண்டும். அது பூட்டியவருக்குக் கடிதமாகப் போய்விடும். மரியாதை தெரிந்த கருவி!

ஒரு வாத்தியார், இரண்டு மாணவர்கள்

நமக்கு மிகவும் நெருக்கமான கதை அடுத்ததுதான். 1984 ஜூலையில் ஆம்ஸ்டர்டாம் விரிய பல்கலைக்கழகத்தில் டிக் க்ரூனே என்ற ஆசிரியர் தம் மாணவர் இருவரோடு சேர்ந்து ஒரு சி கம்பைலர் வேலையில் இறங்கினார். ஒரு மாணவர் காலை ஒன்பது மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போகிற ரகம். இன்னொருவர் எப்போது வருவார், எப்போது போவார் என்று சொல்ல முடியாத ரகம். (நம் விடுதியில் இரண்டு ரகமும் ஒரே அறையில் இருந்ததுண்டு.) வாத்தியாருக்கோ சாயங்காலம்தான் நேரம் கிடைக்கும். பூட்டுமுறை இங்கே எப்படிச் சரிப்படும்?

க்ரூனே ஆர்.சி.எஸ்.ஸின் மேல் சில சிறு புரோகிராம்களை எழுதினார். பூட்டு கிடையாது. மூவரும் தனித்தனிப் பிரதி எடுத்துக்கொண்டு, அவரவர் நேரத்தில் அவரவர் வேலையைச் செய்து கொண்டுவந்து சேர்க்கலாம். வேறு வேறு வரிகளைத் தொட்டிருந்தால் தானாகவே ஒன்றாகிவிடும். இரண்டு பேர் ஒரே வரியில் கை வைத்திருந்தால் மட்டும், "நீங்களே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்" என்று நிறுத்திவிடும். இதுதான் சி.வி.எஸ். 1986 ஜூனில் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார். 1989-இல் பிரையன் பெர்லைனர் அதைச் சி மொழியில் புதிதாக எழுதினார்.

எங்கள் மெஸ் பில் கலவரத்துக்கு ஐந்து வருஷம் முன்பே இது வந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். அங்கேயும் மூன்று பேர், இங்கேயும் மூன்று பேர். எங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

பதினைந்து நாளில் பிறந்த கிட்

சி.வி.எஸ்.ஸில் ஒரு குறை உண்டு. பத்துக் கோப்புகளை அனுப்பும்போது பாதியில் லைன் அறுந்தால் ஐந்து போயிருக்கும், ஐந்து போயிருக்காது. பதிவானால் பத்தும், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்ற ஒழுங்கோடு சப்வெர்ஷன் வந்தது. 2000-இல் தொடங்கிய வேலை, 2004 பிப்ரவரியில் முதல் முழு வெளியீடாக வந்தது. ஆனாலும் சி.வி.எஸ்., சப்வெர்ஷன் இரண்டிலும் வரலாறு முழுவதும் நடுவில் ஒரு மெஷினில்தான் இருக்கும்.

லினக்ஸ் கெர்னல் எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கு இந்த முறையே பிடிக்கவில்லை. 1991 முதல் 2002 வரை பெரும்பாலும் பேட்ச் சீட்டுகளை வைத்தே காலம் தள்ளினார்கள். 2002-இல் பிட்கீப்பர் என்ற வணிக மென்பொருளுக்கு மாறினார்கள். இலவசமாகத் தந்துவந்த அந்த உரிமம் 2005 ஏப்ரலில் நின்றுபோனது. உலகத்தின் மிகப் பெரிய கூட்டுமுயற்சிகளில் ஒன்று, கணக்கு நோட்டு இல்லாமல் நின்றது.

ஏப்ரல் 3-ஆம் தேதி லினஸ் தாமே ஒன்று எழுத உட்கார்ந்தார். 7-ஆம் தேதி அந்தக் கருவியின் வரலாற்றை அந்தக் கருவியே பதிவு செய்யத் தொடங்கிவிட்டது. 18-ஆம் தேதி பல கிளைகளை ஒன்றாகச் சேர்த்துக் காட்டியது. அந்த ஜூனில் வந்த கெர்னல் அதன் துணையோடுதான் வெளிவந்தது. பெயர் கிட். இங்கிலாந்துப் பேச்சுவழக்கில் உதவாக்கரை என்பது போன்ற ஒரு வசவு! ஜூலையிலேயே பொறுப்பை ஜூனியோ ஹமானோ என்பவரிடம் ஒப்படைத்துவிட்டு லினஸ் தம் கெர்னலுக்குத் திரும்பிவிட்டார். ஒருவர் மூட்டிய அடுப்பை இன்னொருவர் அணையாமல் காத்தார் என்று சொல்ல வேண்டும்.

கிட்டில் நடுவில் ஒரு மெஷின்தான் என்ற கட்டாயம் இல்லை. பிரதி எடுக்கும் ஒவ்வொருவரிடமும் பொதுவாக முழு வரலாறும் வந்துவிடும். ஒரு மெஷின் எரிந்தால் இன்னொன்றில் எல்லாம் இருக்கும். ஒவ்வொரு பதிவுக்கும், அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்ட 40 எழுத்து அடையாளம் ஒன்று. பழைய பதிவில் ஓர் எழுத்தை யாராவது நைசாக மாற்றினாலும் அடையாளம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். 2008-இல் வந்த கிட்ஹப் இந்த வேலைமுறையை மாணவர் அறை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது.

பழியா, புகழா?

இந்நாள் மாணவர்களுக்குக் கிட்டில் இரண்டு கட்டளைகளைச் சிபாரிசு செய்கிறேன்.

ஒன்று, பைசெக்ட். "நான் 1 முதல் 1000-க்குள் ஓர் எண் நினைத்திருக்கிறேன், கண்டுபிடி" என்று சின்ன வயசில் விளையாடியிருப்பீர்கள். நடு எண்ணைச் சொல்லி, மேலா கீழா என்று கேட்டுக்கொண்டே போனால் பத்துக் கேள்வியில் பிடித்துவிடலாம். அதேதான். போன மாதம் சரியாக ஓடியது, இன்று ஓடவில்லை, நடுவில் ஆயிரம் மாற்றங்கள் என்றால், பத்தே சோதனையில் எந்த மாற்றம் கெடுத்தது என்று காட்டிவிடும்.

இன்னொன்றின் பெயர் பிளேம், அதாவது பழி. ஒரு கோப்பைக் கொடுத்தால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதைக் கடைசியாகத் தொட்டவர் பெயரும் தேதியும் வரும். சப்வெர்ஷனில் இதே கட்டளைக்கு இன்னொரு பெயரும் வைத்திருந்தார்கள்: பிரெய்ஸ், அதாவது புகழ். இரண்டில் எதைத் தட்டினாலும் வருவது ஒரே விடைதான். முப்பது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், நான் இதை ஓட்டிப் பார்த்ததில் பல தடவை வந்து நின்றது என் பெயர்தான். அடுத்தவரைத் திட்ட வாயைத் திறப்பதற்கு முன் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது உடம்புக்கு நல்லது.

ஒரு பிளாப்பி

2004-இல் வீடு மாற்றும்போது பழைய டிரங்குப் பெட்டியில் என் கல்லூரிப் பிளாப்பி கிடைத்தது. அப்போது எங்கள் ஆபீசில் பிளாப்பி டிரைவ் உள்ள மெஷின் ஒன்று மிச்சம் இருந்தது. சும்மா பார்ப்போமே என்று போட்டேன். மெஸ் பில் புரோகிராம் இருந்தது, பழையது. கூடவே ஒரே வரியில் ஒரு பேட்ச் கோப்பு. 'சேவ்' என்று நானே பெயர் வைத்தது. எட்டு நாளாக யாரும் பிளாப்பியில் எடுக்கவில்லையே என்று பொறுப்பாக நான் எழுதியது. தேதி, அந்த வியாழக்கிழமை. நேரம், சாயங்காலம் ஐந்தே முக்கால்.

மெஷினிலிருந்து பிளாப்பிக்கு என்று எழுதியிருக்க வேண்டும். நான் பிளாப்பியிலிருந்து மெஷினுக்கு என்று எழுதியிருந்தேன். அந்தக் கால டாஸில் காப்பி கட்டளை, "மேலே எழுதட்டுமா?" என்று கேட்காது. 'சேவ்' என்று தட்டிவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு டீ குடிக்கப் போயிருக்கிறேன். அதற்குப் பிறகு வந்து ரிப்போர்ட் மட்டும் டைப் செய்துவிட்டுப் போனவனைத்தான் நாங்கள் பிடித்துக்கொண்டோம். அவன் சொன்னது நிஜம். அவன் தொடவே இல்லை.

இது தெரிந்தும் இத்தனை வருஷமாக நான் அவனிடம் சொல்லவில்லை. விலாசம் தெரியாது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். நம் சங்கத்தில் கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் கொடுத்திருப்பார்கள். இந்த வருஷச் சந்திப்புக்கு வருவோர் பட்டியலில் அவன் பெயரைப் பார்த்தேன். பெயரை இங்கே எழுதவில்லை. படித்தால் அவனுக்குத் தெரியும். மேடைக்குப் பின்னால் அந்த பிளாப்பியோடு நிற்கிறேன். வந்து இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போ.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு: நீங்கள் எழுதும் முதல் பத்து வரி புரோகிராமிலிருந்தே கிட்டில் போட்டு வையுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வரிக் குறிப்பு எழுதுங்கள். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'ரொம்ப ஃபைனல்' என்று கோப்புக்குப் பெயர் வைக்காதீர்கள். என்ன மாற்றினேன் என்பதைக் கருவியே காட்டிவிடும். ஏன் மாற்றினேன் என்பதை நீங்கள் எழுதினால்தான் உண்டு. மூன்று பேர் சேர்ந்து புராஜெக்ட் செய்கிறீர்கள் என்றால் இதை முதல் நாளே செய்யுங்கள். புரோகிராம் தொலைந்தால் நாலு ராத்திரியில் மறுபடி எழுதிவிடலாம். நாங்களே எழுதினோம்.

அனைவரையும் சந்திப்பில் காண ஆவலோடு இருக்கிறேன். வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் சங்கம்!

– எம்.சி.ஏ. பழைய மாணவர், 1991